முதல் வீடு: பணமும் பத்திரமும் எந்த வரிசையில்?

கட்டி முடித்த வீட்டை வாங்குபவர் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். இனிமேல் கட்டப்போகும் அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் பார்ப்பது ஒரு வரைபடத்தையும் விளம்பரத் தாளையும் மட்டுமே. பணம் இன்று போகிறது. வீடு சில ஆண்டுகள் கழித்து வருகிறது. முதன்முறை வீடு வாங்கியவர்கள் பலர் சிக்கிக்கொண்டது இந்த இடைவெளியில்தான். 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், சுருக்கமாக ரெரா, இந்த இடைவெளியை ஒழுங்குபடுத்தவே வந்தது. 2017 மே மாதம் முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கென ஒரு ஒழுங்குமுறை ஆணையமும் இயங்குகிறது.

சட்டத்தின் அடிப்படை எளியது. வாங்குபவரின் பணம் கட்டடத்தை முந்திக்கொண்டு ஓடக் கூடாது.

முதலில் பதிவு. ஆணையத்தில் பதிவு செய்யாத திட்டத்தை பில்டர் விளம்பரம் செய்யவோ, முன்பணம் வாங்கவோ முடியாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் விலக்கு உண்டு. நம் ஊர்த் தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்து நான்கைந்து வீடுகள் கட்டுகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்த விலக்குக்குள் வந்துவிடும். அங்கே வாங்குபவருக்கு ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் ஆணையமும்தான் துணை.

அடுத்து வங்கிக் கணக்கு. வாங்குபவர்கள் கொடுக்கும் தொகையில் 70 விழுக்காட்டை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். கட்டுமானத்துக்கும் நிலத்தின் விலைக்கும் மட்டுமே அதை எடுக்கலாம். அதுவும் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்கர் ஆகிய மூவரும் சான்று தந்த பிறகு. ஒரு திட்டத்தில் வாங்கிய பணத்தை இன்னொரு திட்டத்துக்கு நிலம் வாங்கத் திருப்பிவிடும் பழக்கத்துக்கு இப்படித்தான் அணை போடப்பட்டது.

மூன்றாவது, முன்பணம். விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்வதற்கு முன், வீட்டு விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. முதல் வீடு வாங்குவோர் அதிகம் தவறவிடும் பிரிவு இதுவே. "இந்த வாரத்துக்குள் பாதியைக் கட்டினால் விலை குறையும்" என்ற பேச்சுக்கு மயங்கி, வெறும் ரசீதை நம்பிப் பெருந்தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். பதிவு செய்த ஒப்பந்தத்தில் வீட்டை ஒப்படைக்கும் தேதி இருக்கும். வெளிச்சுவர்களுக்குள் உண்மையில் புழங்கக்கூடிய இடமான கார்பெட் ஏரியாவும் இருக்கும். பின்னால் எழும் எந்த வழக்குக்கும் இவை இரண்டுமே ஆதாரம்.

ஒப்பந்தத் தேதி தவறினால் முடிவு வாங்குபவர் கையில். திட்டத்திலிருந்து விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இல்லையென்றால் வீட்டுக்காகக் காத்திருந்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். விலகிப் பணம் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் தவணையைத் தாமதமாகக் கட்டும் வாங்குபவருக்கும் அதே வட்டி விகிதம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வீடு கைக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

இனி உதவிகள். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிலையான வீடு இருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. அப்படியென்றால் கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். ஆகவே முன்பணத்துக்கு இதை நம்ப முடியாது. கடன் சுமையைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்.

கையிருப்புக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பர் முதல் நிலத்தின் பிரிபடாப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 6 விழுக்காடு. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 40 லட்சம் கடன் தரலாம். மீதி 10 லட்சத்தோடு பதிவுச் செலவு 3 லட்சமும் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும். இந்த 13 லட்சத்தைத் திரட்டாமல் ஒப்பந்தம் போடுவது ஆபத்து.

ரெரா சட்டத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஆணையத்தின் உத்தரவைப் பெறுவது ஒன்று; பணத்தைக் கையில் வாங்குவது வேறொன்று. பில்டர் பணத்தைக் கொடுக்க மறுத்தால் நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த வழி நீளமானது. தீர்ப்புத் தரும் அதிகாரத்தைப் போலவே வசூலிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு நேரடியாக இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு முழுமையாகும் என்பது என் கருத்து.

இன்னொன்று, ரெரா பதிவு எண் இருப்பதாலேயே நிலத்தின் உரிமை சிக்கலற்றது என்று ஆகிவிடாது. அந்த உறுதியைத் தருபவர் பில்டர். ஆணையம் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பில்டர் பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.