புகைக்குழாய்க்கு மறுபிறவி உண்டா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன்

பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 நவம்பர் முதல் நாள் நம் கைக்கு மாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. ஆட்சி போயிற்று, ரொட்டி போகவில்லை. புதுவையில் இன்றும் விடியற்காலையில் சவுக்கு விறகு எரியும் பேக்கரிகள் உண்டு. அந்த ரொட்டியைச் சுவைக்கும் நாம் கடையின் கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கியை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. என் தந்தையாரோ அதைப் பார்த்தே பிழைப்பவர். தகடு வேலையும் வெல்டிங்கும் அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே வீட்டில் கேட்ட சொற்களும் ஆய்வகத்தில் கேட்ட சொற்களும் சந்திக்கும் ஓரிடத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

பழைய செங்கல் புகைபோக்கி நாளடைவில் உட்புறம் வெடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு உதிரும். வெடிப்பின் வழியே புகை அடுத்த அறைக்குள் நுழையும். இதற்கு மாற்றாக உள்ளே ஓர் எவர்சில்வர் குழாயை மேலிருந்து கீழே இறக்கிவிடுவார்கள். சூடும் புகையும் அதன் வழியே போய்விடும், சுவர் தப்பும். இப்போது பலர் விறகை விட்டுக் காஸ் அடுப்புக்கும் மின்சார அடுப்புக்கும் மாறுகிறார்கள். அப்படி மாறும்போது குழாயை உருவி எடுக்கிறார்கள். “பளபளவென்று இருக்கிறதே, வேறு இடத்தில் போடலாமே” என்ற கேள்வி உடனே எழும். நம் வீட்டு எவர்சில்வர் குடம் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது, குழாய்க்கு மட்டும் என்ன கேடு என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம்.

குடம் வேறு, குழாய் வேறு என்பதே என் கருத்து.

துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது உண்மையில் துருவைத் தள்ளிப்போடும் எஃகுதான். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்து காவல் காக்கிறது. குடத்தில் இந்தக் காவலனுக்கு வேலை குறைவு. புகைக்குழாயிலோ நான்கு பக்கமும் பகை. குளோரைடு இந்தப் படலத்தைத் துளைத்து ஊசிக்குத்துப் போன்ற குழிகளை உண்டாக்கும். கடற்கரை ஊராகிய நமக்கு உப்புக்காற்று ஓயாது; போதாக்குறைக்கு உடைந்த படகுப் பலகையையும் கரை ஒதுங்கிய கட்டையையும் மலிவாகக் கிடைக்கிறதென்று அடுப்பில் வைப்பவர் உண்டு. அந்த மரத்தில் ஊறிய உப்பு நேராகக் குழாய்க்குப் போகிறது. இன்னொன்று: 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட சாதாரண வகை எஃகை ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நெடுநேரம் வைத்தால், குரோமியம் கரியோடு சேர்ந்து மணிகளின் விளிம்பில் ஒதுங்கிவிடும். விளிம்பு காவலற்றதாகிறது. குழாய்க்குள் படிந்த தார் எப்போதாவது தீப்பற்றி எரிந்திருந்தால் இந்தச் சூடு எளிதில் வந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

விறகுக்கு இருந்த குழாயைக் காஸுக்குப் போடுவது இன்னும் மோசம். காஸ் எரியும்போது நீராவி மிகுதி. புகையின் சூடோ குறைவு. ஆவி குழாய்ச் சுவரில் வேர்த்து இறங்கும். அங்கே ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கரியிலுள்ள கந்தகச் சேர்மங்களும் குளோரைடும் அந்த நீரில் கரைந்தால் என்ன ஆகும் என்பதை வேதியியல் மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, புதிய அடுப்பு வைக்கும்போது வளையும் உள்குழாயையும் மாற்றிவிடச் சொல்கிறது. அண்மையில் போட்டது, நல்ல நிலையில் உள்ளது என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. நிரூபிக்கும் பொறுப்பு குழாய்க்காரனுடையது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

“ஓட்டை விழுந்தால் கொஞ்சம் புகை கசியும், அவ்வளவுதானே?” என்று கேட்கலாம். கசிவது புகை மட்டுமாயின் கண் எரிந்து எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்கிறது. எங்கள் உறவினர் ஒருவர் சமையல் வேலை பார்த்த ஒரு மண்டபத்தில், பழைய குழாயைத் தட்டி நிமிர்த்திப் பொருத்தியிருந்தார்கள். மடிப்புத் தையல் பிரிந்திருந்தது. விடியற்காலையில் அடுக்களையில் படுத்திருந்த இருவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிழைத்துவிட்டார்கள். ஊரும் பெயரும் இங்கே வேண்டாம்.

குழாயை எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, முதலில் குழாயைத் துடைத்துக் கரியை இறக்கிவிட வேண்டும். கீழ்வாயைச் சாக்கால் அடைக்க வேண்டும். அதன் பிறகே மேல்மூடியையும் பட்டியையும் கழற்றிக் கயிறு கட்டி உருவ வேண்டும். முறுக்கி இழுத்தால் வளையும் குழாயின் மடிப்புகள் பிரிந்துவிடும். அப்புறம் அது குழாய் அல்ல, சல்லடை. குழாயின் மேல் புகை போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாகப் பொருத்தினால் தார் மடிப்பின் இடுக்கில் இறங்கும். இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு நம் ஊரில் முகத்துணி கூடத் தருவதில்லை. லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இலேயே எழுதினார். ஒரு முகத்துணியும் ஒரு சோப்புக்கட்டியும் வாங்கித்தர இருநூற்றைம்பது ஆண்டு போதவில்லையா?

புதுக்குழாய் வாங்க ஏழை முதலாளியால் முடியுமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பழையதைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டால் வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எவர்சில்வர் உலைகளுக்குப் பழைய எவர்சில்வரே முக்கியமான மூலப்பொருள். உருகிப் புதிய தகடாகத் திரும்பி வரும். புகைக்கு உதவாத குழாயை வெட்டி விரித்து அடுப்பின் பின்சுவருக்குத் தடுப்பாக அடிக்கலாம். குடிநீருக்கும் உணவுக்கும் மட்டும் அதைத் தொடக்கூடாது.

ஆனால் கடையில் நல்ல விலை கிடைக்க, வகை தெரிய வேண்டும். எங்கள் தொழிலில் காந்தம்தான் நீதிபதி: ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்த சரக்கு. நெடுங்காலம் இது சரியாகவே உதவியது. இப்போது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு வகை சந்தையில் மலிந்துள்ளது. அதிலும் காந்தம் ஒட்டாது. துரு மட்டும் விரைவில் வரும். காந்தத்தின் தீர்ப்பை நம்பி வாங்குகிறவரும் விற்கிறவரும் ஏமாறுகிறார்கள்.

இதைக் கண்டறியும் சோதனை நமக்குப் புதிதல்ல. எஃகுத் துருவலை அமிலத்தில் கரைத்து, டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்தால் நிக்கல் செந்நிற வீழ்படிவாக இறங்குகிறது. மாங்கனீஸைப் பெர்மாங்கனேட்டாக மாற்றி ஊதா நிறத்தை அளக்கலாம். நல்ல வகையில் மாங்கனீஸ் 2 சதவீதத்துக்கு மேல் இராது. மலிவு வகையில் 5 சதவீதத்தையும் தாண்டும். ஆண்டுதோறும் யாருக்கும் பயன்படாத உப்புக் கரைசல்களில் இப்பயிற்சிகளைச் செய்து, விடையை ஏட்டில் எழுதி, கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். அவற்றுள் ஒரு பங்குக்குப் பதிலாக, ஊரிலுள்ள பட்டறைகளிலிருந்தும் பேக்கரிகளிலிருந்தும் வரும் குழாய்த் துண்டுகளைச் சோதித்து, சீட்டில் எழுதிக் கொடுக்கலாமே? துறைத்தலைவர் அவர்கள் இசைந்தால் முதல் பத்துத் துண்டுகளை என் தந்தையாரின் பட்டறையிலிருந்து கொண்டுவர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.