செல்போனுக்கும் ஓர் உறி வேண்டும்!
கூகுள் தலைவர் ஊருக்குச் சொன்னது என்ன? வீட்டில் செய்தது என்ன?

"இந்தப் பாழாய்ப்போன செல்போன்தான் பிள்ளையைக் கெடுக்கிறது!"

இந்தப் பேச்சு கேட்காத வீடு இன்று உண்டா? அம்மா சொல்கிறாள். பாட்டி சொல்கிறாள். பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்கிறார்.

"செல்போன் ஒரு கருவி. கருவி என்ன செய்யும்? பயன்படுத்துகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது." இது செல்போன் கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதில்.

இரண்டில் எது சரி?

செல்போன் உலகத்தில் மிகப் பெரிய பதவியை அடைந்தவர்களில் ஒருவர் தமிழர். அவர் ஊருக்குச் சொன்ன பதிலையும், தம் வீட்டுக்குள் செய்த காரியத்தையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஒரு வீடு, ஒரு போன்

சென்னைக்கு வடக்கே, எண்ணூரில் இருக்கிறது நெட்டுக்குப்பம். மீனவர் ஊர். ஒரு பக்கம் கடல். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். சுற்று வட்டாரத்தில் தொழிற்சாலைகள், அனல் மின்சார நிலையம், துறைமுகம்.

இங்கே கடலுக்குப் போகிறவருக்கு செல்போன் வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று அதில் பார்க்கலாம். ஐதராபாத்தில் "இன்காய்ஸ்" என்ற மத்திய அரசு நிலையம் இருக்கிறது. செயற்கைக் கோள் தரும் விவரங்களைக் கொண்டு, மீன் கிடைக்கக் கூடிய இடங்களை அது கணித்துச் சொல்கிறது. அந்த விவரங்களைச் செல்போனில் தமிழில் பார்ப்பதற்கு, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே ஒரு செயலி செய்து கொடுத்திருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். அந்தக் கொடுமையை ஊர் உலகத்துக்குக் காட்டியதில், செல்போனில் எடுத்த படங்களுக்கும் பங்கு உண்டு.

ஆக, செல்போன் சோறு போடுகிறது. ஆபத்தில் குரல் கொடுக்கிறது.

ஆனால் மாலை ஆனதும் அதே போன் பிள்ளையின் கைக்குப் போகிறது. ஒரு வீடியோ முடிந்தால் இன்னொரு வீடியோ. ஓர் ஆட்டம் முடிந்தால் இன்னோர் ஆட்டம். தட்டில் சோறு ஆறிப் போகிறது. இரவு 10 மணிக்குப் போனைப் பிடுங்கினால் ஒரே அழுகை. விடியுமுன்னே அப்பா கடலுக்குக் கிளம்புகிறார். போனை எடுத்துப் பார்க்கிறார். "சார்ஜ்" இல்லை!

வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால், இது சிறிய சங்கடமா? நடுக்கடலில் காற்று திரும்பினால் என்ன செய்வது?

பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. "செல்போனில் பாடம் படி" என்று சொல்லி, பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்ததே பெரியவர்கள்தான். பள்ளிக்கூடம் திறந்தது. போன் திரும்பி வரவில்லை!

யார் இந்தத் தமிழர்?

அவர் பெயர் சுந்தர் பிச்சை. 1972-ல் மதுரையில் பிறந்தார். சென்னை அசோக் நகரில் வளர்ந்தார். தந்தை மின்சார என்ஜினீயர். தாயார் சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். சின்ன வீடு. கூடத்தில் தம்பியோடு தரையில் படுத்து உறங்கிய பிள்ளை அவர்.

படித்து அமெரிக்கா போனார். 2004-ல் கூகுள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இருவர். பிச்சை அங்கே வேலைக்குப் போன ஊழியர்தான். ஆனாலும் 2015-ல் கூகுளின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது.

இந்தியாவில் விற்கும் செல்போன்களில் மிகப் பெரும்பாலானவை "ஆண்ட்ராய்டு" போன்கள். அந்த ஆண்ட்ராய்டு கூகுளுடையது. பிள்ளைகள் விடாமல் பார்க்கும் "யூடியூப்" இருக்கிறதே, அதுவும் கூகுளுடையதுதான்.

பேத்தியின் போன்

2018 டிசம்பர் 11-ந் தேதி. அமெரிக்கப் பார்லிமெண்டின் கீழ்ச்சபைக் கமிட்டி பிச்சையைக் கூப்பிட்டு விசாரித்தது. விசாரணை 3 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது.

ஸ்டீவ் கிங் என்ற உறுப்பினர் பேசினார். அவருக்கு 7 வயதில் ஒரு பேத்தி. அந்தக் குழந்தை போனில் விளையாடிக் கொண்டிருந்தபோது, தாத்தாவின் படமும் அவரைத் திட்டும் வாசகமும் திடீரென்று வந்ததாம். "7 வயதுக் குழந்தையின் ஐபோனில் இப்படி வரலாமா?" என்று கேட்டார்.

பிச்சை அமைதியாகப் பதில் சொன்னார். ஐபோன் செய்வது வேறு கம்பெனி என்றார்!

கிங் விடவில்லை. அது ஆண்ட்ராய்டாகவும் இருக்கலாம், யாரோ பயன்படுத்திய பழைய போன் என்றார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பேத்தி கையில் இருப்பது எந்தக் கம்பெனி போன் என்று தாத்தாவுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழுகிறது? பிள்ளை போனில் என்ன பார்க்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிச்சையின் வாதம்

செல்போனும் கம்ப்யூட்டரும் மனிதருக்கு நன்மை செய்யும் என்பது பிச்சையின் உறுதியான கருத்து. அதற்குத் தம் வாழ்க்கையையே அவர் சாட்சி சொல்கிறார்.

அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் டெலிபோன் கிடையாது. எழுதிக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன்பு, தாயாரின் ரத்தப் பரிசோதனை முடிவைத் தெரிந்து கொள்ள அவர் ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் போக வேண்டும். போனால், "இன்னும் தயாராகவில்லை. நாளைக்கு வா" என்பார்கள். டெலிபோன் வந்த பிறகு அதே காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அக்கம்பக்கத்தாரும் அந்த வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

இதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? நெட்டுக்குப்பத்து மீனவர் கையில் இருக்கும் போனும் இதைத்தானே சொல்கிறது?

பிச்சை சொல்வது உண்மை. ஆனால் அது பாதி உண்மை.

துடுப்பு கூப்பிடுமா?

துடுப்பும் ஒரு கருவிதான். வேலை முடிந்து மூலையில் சாத்தினால் சும்மா கிடக்கும். "வா, வந்து போடு" என்று நடு ராத்திரியில் கூப்பிடாது. செல்போன் கூப்பிடுகிறது! மணி அடிக்கிறது, விளக்கு மினுக்குகிறது, ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டுகிறது.

ஏன்? வீடியோ பார்க்க பெரும்பாலோர் காசு கொடுப்பதில்லை. கூகுளின் வருமானத்தில் பெரும் பகுதி விளம்பரத்தில் இருந்து வருகிறது. எத்தனை நேரம் பார்க்கிறோமோ, அத்தனை விளம்பரம். ஆகவே நம் நேரம்தான் அவர்களுக்குக் காசு.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அதே கூகுளில் வேலை பார்த்தவர். அவர் பெயர் டிரிஸ்டன் ஹாரிஸ். 2013-ல், கம்பெனிக்குள் இருந்தபடியே, "மக்களின் கவனத்தை இப்படிச் சிதற அடிக்கலாமா?" என்று எழுதி, உடன் வேலை செய்தவர்களிடம் கொடுத்தார். பிறகு வேலையை விட்டு வெளியே வந்து பிரசாரம் செய்தார். செல்போனை அவர் சூதாட்ட இயந்திரத்துக்கு ஒப்பிட்டார். அடுத்த தடவை பரிசு விழுமோ என்று திரும்பத் திரும்ப இழுக்க வைக்கும் இயந்திரம் அது.

மீனவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. அடுத்த வீச்சில் என்ன மீன் விழும் என்று தெரியாது. அதனால்தான் கை மறுபடியும் வலையை வீசுகிறது. போனிலும் அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அதனால்தான் விரல் மறுபடியும் தள்ளுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே மீன், நம் பிள்ளை!

2019-ல் ஒரு செய்தி வந்தது. பெற்றோர் சம்மதம் இல்லாமல், யூடியூப் பார்க்கும் குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டியதாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. வழக்கை முடித்துக் கொள்ள, கூகுள் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக் கொண்டது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

பூட்டும் அவர்களே கொடுத்தார்கள்

விமர்சனம் வீண் போகவில்லை. 2018 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியில் பங்கு வைத்திருந்த இரண்டு பெரிய நிறுவனங்கள், "பிள்ளைகள் போனில் மூழ்குவதைத் தடுக்க வழி செய்யுங்கள்" என்று கடிதம் எழுதின. அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள், போன் பார்க்கும் நேரத்தைக் காட்டும் வசதியை அறிவித்தது.

அதற்கு முந்திய மாதமே பிச்சையின் கூகுள் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்ற வசதியை அறிவித்துவிட்டது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போன் பார்த்தோம் என்று அது காட்டும். ஒவ்வொரு செயலிக்கும் கால அளவு வைக்கலாம். படுக்கும் நேரம் வந்ததும் திரையின் வண்ணத்தை மங்கச் செய்யலாம்.

கருவியில் தவறே இல்லை என்றால், இந்தப் பூட்டு எதற்கு?

பிச்சை வீட்டில் நடந்தது

இப்போது முக்கியமான விஷயம். 2018 நவம்பரில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்கு பிச்சை ஒரு பேட்டி கொடுத்தார். அப்போது அவர் மகனுக்கு 11 வயது. மகனிடம் போன் இல்லை என்று அவர் சொன்னார். வீட்டு டெலிவிஷனும் நினைத்தவுடன் பார்க்க முடியாதபடி இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும் என்றார்.

கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போன் கொண்டு போன கம்பெனியின் தலைவர். அவர் பிள்ளைக்குப் போன் இல்லை!

இதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்லலாம். அதைவிட இதில் ஒரு பாடம் இருக்கிறது. "மகனே, நீயாகவே கட்டுப்பாடாக இரு" என்று அவர் உபதேசம் செய்துவிட்டு நிற்கவில்லை. பிள்ளைக்கும் பொருளுக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வைத்தார்.

இது அமெரிக்கா கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் பாட்டி செய்ததுதான். வெண்ணெயை அவள் தரையில் வைத்துவிட்டு, "பிள்ளை திருடுகிறானே" என்று அழவில்லை. உறியில் தொங்க விட்டாள்! வெண்ணெயும் கெட்டது அல்ல. பிள்ளையும் கெட்டவன் அல்ல. எட்டும் உயரத்தில் வைப்பதுதான் தவறு.

சட்டம் வரட்டும், வீடு காத்திருக்கலாமா?

அரசாங்கங்களும் விழித்துக் கொண்டன. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இணைய விளையாட்டுகளை வாரத்தில் 3 மணி நேரம்தான் ஆடலாம் என்று சீனா 2021-ல் விதித்தது. ஆஸ்திரேலியாவில், 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை 2025 டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. இந்தியப் பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

நல்ல காரியங்கள்தான். ஆனால் சட்டம் வாசல் வரைக்கும் வரும். சோற்றுத் தட்டு வரைக்கும் வராது.

பிச்சை வீடு பெரிய வீடு. நெட்டுக்குப்பத்தில் ஒரே அறை, ஒரே போன். அங்கே உறி கட்டுவது எப்படி?

காசு செலவு இல்லாத வழிகள் உண்டு. போனுக்கு வீட்டில் ஓர் இடம் வையுங்கள். சின்னப் பிள்ளை கைக்கு எட்டாத அலமாரித் தட்டு போதும். இரவு 8 மணி ஆனால் போன் அங்கே போய் "சார்ஜ்" ஏறட்டும். சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் வேண்டாம். "யார் கையிலும்" என்றால் அப்பா, அம்மா கையிலும்தான்!

அடுத்த வீடியோ தானாக ஓடுவதை யூடியூப்பில் நிறுத்தி வைக்கலாம். போனில் "செட்டிங்ஸ்" பகுதிக்குப் போய் "டிஜிட்டல் வெல்பீயிங்" திறந்து, விளையாட்டுக்கு அரை மணி நேரம் என்று அளவு வைக்கலாம். 2 வயது ஆகாத குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. குறைந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் வேண்டும். போனை வாங்கி வைத்தால் பிள்ளை எங்கே போகும்? பந்து விளையாட இடம் வேண்டும். படிக்க நூலகம் வேண்டும். சுத்தமான ஆறும் கரையும் வேண்டும். சுற்றிலும் ஆலைகளும் எண்ணெய்க் கறையுமாக இருக்கும் ஊரில், "வெளியே போய் விளையாடு" என்று சொல்வது எளிதா? பெற்றோர் போனை வாங்கி வைக்கட்டும். அரசாங்கமும் ஆலைகளும் வெளியே விளையாட வழி செய்யட்டும்.

செல்போன் குற்றவாளி அல்ல. ஆனால் முழு நிரபராதியும் அல்ல. அதைச் செய்கிறவர் வாயால் சொன்னதைவிட, தம் வீட்டில் செய்ததே நமக்கு நல்ல வழிகாட்டி.

இன்று இரவு போனை உறியில் ஏற்றுங்கள். பிள்ளை தூங்கட்டும். விடியுமுன்னே அப்பா எடுக்கும்போது போனில் "சார்ஜ்" நிறைந்திருக்கும்!