ஒலிநாடாவும் ஓர் அமானிதமே



நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள். அன்னாரின் குரல் இன்றும் நம் இல்லங்களில் ஒலிக்கின்றது. ஆயினும் அக்குரல் எவர் கையில் உள்ளது? மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் செயலியில் பாடல் நமக்குச் சொந்தமன்று. நிறுவனத்தின் உரிம ஒப்பந்தம் முடிந்தால் அது மறைந்துவிடும். அடுத்து ஒலிக்க வேண்டியதையும் செயலியே தேர்ந்தெடுக்கின்றது. பிள்ளைகளின் செவிக்குச் செல்வதைத் தீர்மானிப்பது பெற்றோரின் பொறுப்பன்றோ?

மறுபுறம், பரணில் கிடக்கும் ஒலிநாடாக்கள் பூஞ்சை படிந்து அழிகின்றன. கடையில் வாங்கியவற்றுக்கு வேறு பிரதி கிடைக்கலாம். பாட்டனாரின் கிராஅத்துக்கும், ஊர் மீலாது மேடையில் பதிவான பைத்துக்கும் அந்த நாடாவைத் தவிர வேறு பிரதி இல்லை.

ஆகவே அவற்றையே முதலில் கணினியில் பதிவோம். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சேமித்து, ஓதியவர், இயற்றியவர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைப்போம். நவிட்ரோம் என்னும் இலவச மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவினால், குடும்பத்தார் அனைவரும் தத்தம் கைபேசியில் அவற்றைக் கேட்கலாம். கணினி பழுதாகக் கூடுமாதலால், இன்னொரு பிரதியை உறவினர் இல்லத்தில் வைப்பதும் அவசியம்.

முன்னோரின் குரல் நம்மிடம் உள்ள அமானிதம். அதனைக் குறைவின்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம், இன்ஷா அல்லாஹ்.