ஊசி யாருக்கு?

மகப்பேறு வேண்டி நிற்கும் பெண்ணுக்கு நேர்த்தி, விரதம், கஷாயம் என்று நம் சமூகம் விதித்து வந்தவற்றோடு இன்று அக்குபங்சரும் சேர்ந்துள்ளது. கீழைத்தேய மருத்துவம் என்பதனாலேயே அதனை எள்ளி நகையாடுவோருள் நாம் இல்லை. ஆயின் பழைமை ஒன்றே சான்றாகிவிடாது.

ஜேர்மனியில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற 160 பெண்களிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2002இல் வெளியாயிற்று. ஊசி குத்தப்பெற்றோரில் 42.5 வீதத்தினரும், ஏனையோரில் 26.3 வீதத்தினரும் கருவுற்றனர் என்றது அது. இவ்வெண்களே நம்பிக்கைக்கு வித்தாயின. ஆனால் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதே சிகிச்சை பெற்ற 848 பெண்களிடம் நிகழ்ந்து 2018இல் வெளியான ஆய்வு கண்டதென்ன? உண்மை ஊசி பெற்றோருள் 18.3 வீதத்தினரும், தோலைத் துளைக்காத போலி ஊசி பெற்றோருள் 17.8 வீதத்தினரும் குழந்தை பெற்றனர். வேறுபாடு எங்கே?

ஊசி மன அமைதி தருமெனின் விரும்புவோர் பெறட்டும். அதனைக் கருவளிக்கும் சிகிச்சையென விலைபேசுதல் ஏமாற்று. அதனினும் கொடிது, அவ்வூசி எப்போதும் அவள் உடலையே தேடிச் செல்வது. குழந்தையின்மைக்கு ஆணிடத்தும் காரணம் இருக்கலாம். அதனை அறியும் விந்துப் பரிசோதனையும் எளிது. எனினும் ‘மலடி’ என்ற சொல் நம் வாயிலும் ‘மலடன்’ என்ற சொல் அகராதியிலுமே வாழ்கின்றன. முதலிற் கணவனும் பரிசோதனைக்கு வரட்டும். ஊசியைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.