அந்த ‘உம்’ எங்கே?

பாராளுமன்றத்தின் புதிய கூட்டத்தொடருக்குச் செல்லும் கொழும்பு அங்கத்தவருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வீதியும் வடிகாலும் பிறகு வரட்டும். மொழி முன்னே வரட்டும்.

1956இல் ‘சிங்களம் மட்டும்’ என்றது சட்டம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், ‘தமிழும்’ அரசகரும மொழி என்றது. அந்த ‘உம்’ ஏட்டில் ஏறிற்று. கந்தோர்ப் படி ஏறவில்லை. வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தைப் படித்தறிய அயலாரை நாடினேன். கொட்டாஞ்சேனை மூதாட்டி ஒருவர், தமக்கு விளங்காத பத்திரத்தில் கையொப்பமிடக் கண்டேன்.

ஐயா, முதலில் இதைக் கேளுங்கள்: நம் நகரில் எந்தெந்தக் கந்தோரில் தமிழறிந்த உத்தியோகத்தர் உளர்? விடை பெறாமல் அமராதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர்.