'மோர் பெட்டர்' என்றால் சிரிக்காதீர்கள்



நம் வீட்டு விசேஷங்களில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பிள்ளை "திஸ் இஸ் மோர் பெட்டர்" என்று சொல்லிவிட்டால் போதும், பெரியவர்களே சிரித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? தமிழில் ஒப்பிடும்போது சொல் மாறுவதில்லை. "அண்ணனைவிடத் தம்பி உயரம்" என்கிறோம். 'விட' வந்தாலே வேலை முடிந்தது. "இன்னும் நல்லது" என்று மனதில் நினைக்கிற பிள்ளை, 'இன்னும்' என்பதற்கு 'மோர்' போட்டுவிடுகிறது. 'பெட்டர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இன்னும்' அடங்கியிருப்பது அதற்குத் தெரியாது. தாய்மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு இது இயல்பு.

ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே இப்படிப்பட்ட இரட்டை ஒப்பீடுகள் உண்டு. பிறகுதான், 1762-ல் ராபர்ட் லோத் தம் இலக்கண நூலில் இது முறையல்ல என்று எழுதினார். இன்றைக்கு இது பிழைதான். தேர்வில் மதிப்பெண் போகும். ஆகவே திருத்தத்தான் வேண்டும். கேலி செய்யாமல் திருத்த வேண்டும்.

சொல்லைக் கைதட்டிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தட்டில் முடிந்தால் 'இஆர்' சேரும்: டால், டாலர். 'பிக்' என்றால் 'ஜி' இரட்டித்து 'பிக்கர்' ஆகும். இரண்டு தட்டு வந்து 'ஒய்'யில் முடிந்தால், 'ஒய்' போய் 'ஐ' வரும்: ஹேப்பி, ஹேப்பியர். இரண்டு தட்டுள்ள மற்றவற்றில் பலவற்றுக்கு 'மோர்' போதும்: மோர் கேர்ஃபுல். மூன்று தட்டு என்றால் பெரும்பாலும் 'மோர்'தான்: மோர் பியூட்டிஃபுல். குட், பெட்டர், பேட், வொர்ஸ் போன்ற சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்தாக வேண்டும். 'இஆர்', 'மோர்' இரண்டையும் ஒரே சொல்லுக்குப் போடக் கூடாது. அவ்வளவுதான்.

பிள்ளை தப்பாகச் சொன்னால் இடைமறிக்காதீர்கள். முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். பிறகு "யெஸ், திஸ் இஸ் பெட்டர்" என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். காதில் விழுந்தது நாளடைவில் நாவில் வரும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேச எத்தனை நிமிடம் கிடைக்கும்? பேசிப் பழக வீடுதான் இடம். அங்கேயும் வாயை அடைத்துவிட்டால் அது எங்கே போய்ப் பேசும்?

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.