சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

விடியற்காலையில் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் நடக்கப் போகிற சகோதரிகள் பார்த்திருப்பீர்கள். தலையில் ஹெல்மெட்டும், ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில் பாருமாகச் சிலர் சர்ரென்று போகிறார்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்று மனசுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். கடையில் விலையைக் கேட்டதும் அந்த ஆசை வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

"ஸ்டாண்டு இல்லை, காரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணிகூட இல்லை. இத்தனையும் இல்லாததற்கா இவ்வளவு விலை?" என்று கேட்காத குடும்பத் தலைவி கொங்கு நாட்டில் உண்டா? நியாயமான கேள்விதான். நம் தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிள் சுமார் 20 கிலோ இருக்கும். இந்த 'ரோடு பைக்' அதில் பாதி எடைதான். மூட்டை சுமக்க ஏற்பட்டதல்ல இது. தார் ரோட்டில் நெடுந்தூரம் சுகமாகப் போவதற்கென்றே பிறந்தது.

ஆகையால் முதல் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி வாங்கவும், பிள்ளையை டியூஷனில் விடவும் வண்டி வேண்டுமா? அப்படியானால் கூடை மாட்டிய சாதாரண சைக்கிளே உத்தமம், பணமும் மிச்சம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், 20, 30 கிலோமீட்டர் காற்று வாங்கப் போய் வர ஆசையா? மேலே படியுங்கள்.

கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை வாங்க வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? நிறத்தைப் பார்த்து மயங்கிவிட மாட்டார். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். சைக்கிள் கடையில் மட்டும் நாம் ஏன் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டியது அளவு. இங்கேதான் நம் சிக்கனம் நம்மைக் கவிழ்க்கிறது. "கொஞ்சம் பெரிதாக வாங்கினால் அவரும் ஓட்டலாம், பையனும் ஓட்டலாம்" என்று கணக்குப் போடுகிறோம். ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணுக்கு ஏறக்குறைய 48 அல்லது 50 அளவு பொருந்தும் என்றால், ஐந்தடி எட்டங்குலக் கணவருக்கு 54 அல்லது 56 வேண்டியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறும். சட்டையைப் பிடித்துத் தைக்கலாம். சைக்கிள் சட்டத்தைப் பிடித்துத் தைக்க முடியுமா? பெரிய வண்டியில் எட்டி எட்டிப் பிடித்தால் கழுத்தும் மணிக்கட்டும் நோகும். ஒரு மாதத்தில் வண்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

கடையில் செய்ய வேண்டியவை இவை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, சட்டத்தின் குறுக்குக் கம்பிக்கு மேலே நின்று பாருங்கள். இரண்டு விரற்கடை இடைவெளியாவது இருக்கட்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நின்றால் சீட் உயரம் சரி. கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். பிரேக் எட்டவில்லையா? பிடியை விரலுக்கு அருகே கொண்டு வரச் சொல்லுங்கள்; பெரும்பாலான வண்டிகளில் அதற்கென்றே ஒரு சின்ன திருகாணி உண்டு. கடைப் பையன், "உங்களுக்கு இது கச்சிதமா இருக்குங்க அக்கா" என்பான். இருக்கட்டும், ஒரு தெரு சுற்றி வந்த பிறகு நீங்கள் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்குவானேன்?

அடுத்தது கியர். எத்தனை கியர் என்று எண்ணிப் பெருமைப்படுவதில் பிரயோஜனமில்லை. பின்சக்கரத்திலுள்ள பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். 32 அல்லது 34 பல் இருந்தால் மேடு ஏறும்போது முழங்கால் உங்களை வாழ்த்தும். கோவையைச் சுற்றி மேட்டுக்கா பஞ்சம்? மருதமலை அடிவாரம் இருக்கிறது. தைரியம் வந்த பிறகு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளும் காத்திருக்கின்றன.

டயர் விஷயத்தில் உஷார். நம் ரோட்டுக்கு 28 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். 32 இருந்தால் இன்னும் சௌகரியம். இந்த டயர் '700' என்ற ரகம். சக்கர வளையத்தில் அது உட்காரும் குறுக்களவு 622 மில்லிமீட்டர். தாத்தாவின் 28 அங்குல சைக்கிளுக்கோ 635. பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும், தெருமுனைக் கடையில் தொங்கும் டயர் இதற்குச் சேராது. ஆகையால் மாற்று ட்யூப் ஒன்றைக் கூடவே வாங்கிவிடுங்கள். இந்த ட்யூபின் வால்வும் பல வண்டிகளில் ஒல்லியாக இருக்கும். பெட்ரோல் பங்க் குழாய் அதில் பொருந்தாது. அழுத்தம் காட்டும் கைப்பம்பு ஒன்று வீட்டில் இருந்தால், வாரம் ஒரு முறை நீங்களே காற்றடித்துக்கொள்ளலாம்.

வண்டியிலேயே பணம் முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை முடிந்து வையுங்கள். முதல் செலவு ஹெல்மெட். அது புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஒரு முறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றியே தீர வேண்டும். அடுத்து, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒரு மணி, ஒரு பூட்டு. மெத்தை வைத்த கால்சட்டை அனாவசியம் என்று நினைக்க வேண்டாம்; அதைச் சல்வாருக்கு உள்ளேயே அணியலாம். அதற்குள் வேறு உள்ளாடை வேண்டாம். தையல் அழுத்திப் புண்ணாகும். துப்பட்டா மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். சக்கரத்துக்கு அதன் மேல் தனிப் பிரியம். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

எங்கே ஓட்டுவது? முதல் வாரம் ரேஸ் கோர்ஸ் போதும். அவினாசி ரோடு பிறகு. அப்புறம் பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை என்று சிறுவாணி ரோட்டில் மேற்கே போகலாம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நமக்குத் தெரியாதா? போகும்போது எதிர்த்துத் தள்ளும். களைத்துத் திரும்பும்போது முதுகில் கை வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து விடும். ஆகையால் அந்த மாதங்களில் மேற்கே புறப்படுங்கள்; கிழக்கே போனால் திரும்புகாலில் திண்டாட்டம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் கிராமத்துப் பெண்கள். பல்லாயிரம் பேர்! அவர்களில் சிலருக்கு 'லேடீஸ்' சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளே பிடித்திருந்ததாம். ஏன் தெரியுமா? குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! கடைக்காரர் ஒட்டிய பெயரை அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் தேவையைப் பார்த்தார்கள்.

அவர்கள் பிழைப்புக்கு ஓட்டினார்கள். நீங்கள் சந்தோஷத்துக்கு ஓட்டப் போகிறீர்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுச் சாமானுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் கை, தனக்கென்று ஒன்று வாங்கும்போது மட்டும் நடுங்குகிறது. அதனால்தான் "எல்லோருக்கும் ஆகும்" என்று சாக்குச் சொல்லி, யாருக்கும் ஆகாத அளவில் வாங்கி வருகிறோம். பிறகு அது மூலையில் கிடந்தால், "அப்போதே சொன்னேனே" என்று வீடே சொல்லும். அடுத்த ஆசையைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது.

கணவருக்கு ஆசையிருந்தால் அவர் அளவுக்கு அவர் வேறொன்று வாங்கிக்கொள்ளட்டும். இந்த வண்டி உங்கள் உயரத்துக்கு, உங்கள் கைக்கு, உங்கள் காலுக்கு. என்ன, கடைக்குப் புறப்பட்டுவிட்டீர்களா? சல்வார் அணிந்து போங்கள். புடவையில் போனால் ஓட்டிப் பார்க்க முடியாது!